மிஷனரி நட்பும் சேரியின் அன்றாடமும்

போன டிசம்பரில் நெய்வேலி நகரியத்தில் ஒரு சர்ச் ஹாலில் நடந்த கூட்டத்துக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். ஆப்பிரிக்காவில் ஊழியம் செய்துவிட்டு விடுமுறையில் வந்திருந்த தமிழ் மிஷனரித் தம்பதிகள் பேசினார்கள். நல்ல மனிதர்கள்தான். அதில் சந்தேகமில்லை. அவர்கள் சொன்னதன் சாரம் இது: நாங்கள் அங்கே போய் முதலில் பிரசங்கம் பண்ணுவதில்லை. சந்தையில் காய் வாங்குகிறோம், பக்கத்து வீட்டில் டீ குடிக்கிறோம், குழந்தைகளோடு விளையாடி அவர்கள் பாஷையைக் கற்றுக்கொள்கிறோம். அன்றாட வாழ்க்கை வழியாக நண்பர்கள் ஆகிறோம். மற்றதெல்லாம் தானாக நடக்கும். திரையில் படங்களும் காட்டினார்கள். ஒரு படத்தில் அந்த அம்மா மண் தரையில் உட்கார்ந்து, அந்த ஊர்ப் பெண்களோடு ஒரே தட்டில் கை வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஹாலில் இருந்தவர்கள் அல்லேலூயா என்றார்கள்.

திரும்பி வரும்போது அம்மா ஒன்றும் பேசவில்லை. மந்தாரக்குப்பம் தாண்டி எங்கள் காலனிக்குத் திரும்பும் இடத்தில்தான் வாயைத் திறந்தது. "அங்க போயி ஒரே தட்டுல துன்றாங்க. சந்தோசம்தான். இங்க இருந்து அந்த ஊருக்கு எம்மாந்தூரம்? எங்க தெருவுக்கு எம்மாந்தூரம்?"

அம்மா இருபது வருஷத்துக்கு மேல் நகரியத்துக் குவார்ட்டர்ஸ்களில் வீட்டு வேலை செய்தது. ஒரு வீட்டில் தோட்டத்துப் பக்கம் துவைக்கிற கல்லுக்கு மேல் ஒரு டம்ளர் கவிழ்த்து வைத்திருப்பார்கள். அது அம்மாவின் டம்ளர். அந்த வீட்டார் ஜபம் பண்ணாமல் சாப்பிட மாட்டார்கள்.

அந்தக் கேள்வியோடுதான் மிஷனரி எழுத்துக்களை மறுபடியும் எடுத்துப் படித்தேன். கடிதம், அறிக்கை, வாழ்க்கை வரலாறு, மாநாட்டு உரை என்று இந்த எழுத்து ஒரு தனி இலக்கிய வகையாகவே இருக்கிறது. நம் விமர்சகர்கள் இதில் அகராதியையும் அச்சகத்தையும் உரைநடை வளர்ச்சியையும் மட்டும்தான் பார்த்திருக்கிறார்கள். இதில் 'நட்பு' என்கிற சொல் எப்படிப் புழங்குகிறது, யாருக்கும் யாருக்கும் நடுவில் புழங்குகிறது என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

இந்தச் சொல்லை உலகத்தின் காதில் ஓங்கி அறைந்தவர் ஒரு தமிழர். 1910 ஜூன் மாதம் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு நடந்தது. ஏறத்தாழ 1200 பிரதிநிதிகள். அதில் ஆசியாக்காரர்கள் இருபது பேர்கூட இல்லை. அந்த மேடையில் திருநெல்வேலிப் பக்கம் வெள்ளாளன்விளையில் பிறந்த வி.எஸ். அசரியா பேசினார். அப்போது அவருக்கு 35 வயது. வெள்ளை மிஷனரிகளின் தியாகத்தை அவர் மறுக்கவில்லை. பொருளைக் கொடுத்தீர்கள், உயிரைக்கூடக் கொடுத்தீர்கள், நன்றி என்றார். ஆனால் எங்களோடு சரிசமமாகப் பழகுகிறீர்களா? கூட வேலை செய்கிற இந்தியனை நண்பனாக நடத்துகிறீர்களா? எங்களுக்கு வேண்டியது நண்பர்கள் என்று முடித்தார். சபையில் பலருக்கு முகம் சுருங்கிப்போனது. வெள்ளையன் வீட்டிலேயே நின்று வெள்ளையன் முகத்துக்கு நேரே இப்படிப் பேச நெஞ்சுரம் வேண்டும். சாணார் என்று இழிவாகப் பேசப்பட்ட, தோள்சீலைக்காகப் போராடிய ஒரு சமூகத்திலிருந்து போனவர் பேசினார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இதில் எனக்குப் பெருமையே உண்டு.

ஆனாலும் அந்த உரையைச் சேரியிலிருந்து வாசித்தால் வேறு ஒன்று தெரிகிறது. அங்கே கேட்கப்படும் நட்பு வெள்ளை மிஷனரிக்கும் படித்த இந்திய ஊழியனுக்கும் நடுவிலானது. அதாவது பங்களாவின் சாப்பாட்டு மேசையில் இன்னொரு நாற்காலி. நியாயமான கோரிக்கைதான். அந்த மேசைக்குச் சமைத்தது யார், தண்ணி மொண்டு வைத்தது யார், கக்கூஸ் கழுவியது யார் என்ற கேள்வி அந்த உரையின் எல்லைக்குள் வரவில்லை.

அசரியாவை இதோடு விட்டுவிட முடியாது. அவரே மிஷனரியாகப் போனவர். 1909-ல் நிஜாம் சமஸ்தானத்தில் இருந்த தோர்ணக்கல்லுக்குப் போனார். திருநெல்வேலிக்காரருக்கு அது அந்நிய தேசம்தான். பாஷை வேறு, ஆட்சி வேறு. தெலுங்கு கற்றுக்கொண்டு கிராமம் கிராமமாகச் சுற்றினார். மனைவி அன்பு மரியம்மாளும் கூடவே உழைத்தார். 1912-ல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்திய பிஷப் ஆனார். அங்கே அவரிடம் வந்தவர்கள் பெரும்பாலும் மாலாக்களும் மாதிகாக்களும். எடின்பரோவில் நண்பன் வேண்டும் என்று கேட்டவர் தோர்ணக்கல்லில் அந்த மாதிகாவுக்கு நண்பனாக இருந்தாரா? அழுக்கு, நோய், கடன், குடி இந்த நான்கையும் ஒழிக்கும்படி ஜனங்களுக்குப் போதித்தார் என்று படிக்கிறோம். நல்லதுதான். பள்ளிக்கூடம் வந்தது, மாலாவும் மாதிகாவும் குருமார் ஆனார்கள். இதையெல்லாம் குறைத்துச் சொல்ல நான் தயாரில்லை. ஆனால் இது வாத்தியார் உறவு. பிஷப்புக்கு மாதிகா எதைக் கற்றுக்கொடுத்தான் என்று எழுதிய பக்கத்தை நான் இதுவரை பார்க்கவில்லை.

1936 வாக்கில் நடந்ததாக அசரியாவைப் பற்றி எழுதியவர்கள் ஒரு சம்பவம் சொல்கிறார்கள். இந்துவாகச் சாக மாட்டேன் என்று அண்ணல் அம்பேத்கர் 1935-ல் இயோலாவில் அறிவித்த பிறகு நடந்தது. நாங்கள் கிறிஸ்தவர்கள் ஆனால், நாட்டில் எங்கே போனாலும் சாதி வித்தியாசம் இல்லாத ஒரே சபையில் எங்களுக்கு இடம் கிடைக்குமா என்று அம்பேத்கர் கேட்டாராம். அசரியாவால் கிடைக்கும் என்று சொல்ல முடியவில்லை. வாழ்க்கையில் அவ்வளவு வெட்கப்பட்டது கிடையாது என்று பிறகு சொன்னாராம். 1910-ல் வெள்ளையனைப் பார்த்து அசரியா கேட்ட அதே கேள்விதான், 26 வருஷம் கழித்து அவரிடமே திரும்பி வந்து நின்றது. அசரியா பொய் சொல்லவில்லை. அதற்காகவே அவர்மேல் எனக்கு மரியாதை கூடுகிறது.

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். அன்றாட வாழ்க்கை வழியாக நட்பு என்கிறார்களே, யாருடைய அன்றாடம்? மதுரைக்கு 1606-ல் வந்த ராபர்ட் தெ நோபிலி காவி உடுத்தினார், கறிமீன் விட்டார், பார்ப்பனச் சமையல்காரரை வைத்துக்கொண்டார். தனக்கு முன்னால் அங்கே பரதவர் நடுவில் வேலை செய்துகொண்டிருந்த பெர்னாண்டஸ் பாதிரியாரிடமிருந்து தள்ளியே வசித்தார். 1640-லிருந்து ஒடுக்கப்பட்ட சாதியாருக்கென்று பண்டாரசாமிகள் என ஒரு தனிப் பிரிவே உண்டாக்கினார்கள். ஒரே சபை, ஒரே விசுவாசம், ஆனால் மேலே போகும் சாமியாரும் கீழே போகும் சாமியாரும் ஊர் பார்க்க ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட முடியாது. இதைப் 'பண்பாட்டு ஏற்பு' என்று பாடப்புத்தகங்கள் பாராட்டுகின்றன. பண்பாடு என்ற ஒற்றைச் சொல்லுக்குள் எவனுடைய பண்பாடு ஒளிந்திருக்கிறது என்று கேட்டால் நம்மைத்தான் முரடன் என்பார்கள்.

முந்நூறு வருஷம் கழித்தும் இதே கதை வேறு உடுப்பில் வந்தது. 1921-ல் திருப்பத்தூரில் சவரிராயன் ஜேசுதாசனும் ஸ்காட்லாந்துக்காரர் எர்னஸ்ட் பாரஸ்டர் பேட்டனும் கிறிஸ்துகுல ஆசிரமம் ஆரம்பித்தார்கள். இரண்டு டாக்டர்கள், உண்மையான சிநேகிதர்கள். ஒருவர் வெள்ளை, ஒருவர் கறுப்பு, ஒரே பாயில் உட்கார்ந்து ஒரே சோறு. அசரியா கேட்டது இதுதான். காதி உடுத்தியிருந்த பேட்டன் 1932-ல் சென்னையில் போலீஸ்காரனிடம் அடிகூட வாங்கினார். வெள்ளைக்காரன் தன் சாதியை விட்டான் என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டாம். ஆனால் அந்தச் சோறு சைவச் சோறு. கோயில் கோபுர அமைப்பில் ஜெபாலயம். இந்திய வாழ்க்கை வாழ வேண்டும் என்று அவர்கள் தேடியபோது கையில் கிடைத்தது இதுதான். கருவாடும் மாட்டுக்கறியும் அந்த 'இந்தியா'வில் இல்லை. எங்கள் அடுப்பு அவர்கள் வாழப் புகுந்த அன்றாடத்துக்குள் வரவேயில்லை. எங்களுக்குப் பக்கத்தில் பரங்கிப்பேட்டையில், டென்மார்க்கிலிருந்து வந்த அன்னி மேரி பீட்டர்சன் தன் மிஷனை விட்டு விலகி, பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். 1921-ல் காந்தி வந்து அதற்கு அடிக்கல் நாட்டினார். அந்தப் பெண்மணியின் துணிச்சல் வேறு விஷயம். தனியாக எழுத வேண்டியது.

எல்லா மிஷனரிகளும் நோபிலி வழியில் போனார்கள் என்று சொல்ல வரவில்லை. நேர் எதிராகவும் போனார்கள். 1850-ல் சென்னை மிஷனரி மாநாடு சாதிக்கு எதிராக ஒரு தீர்மானம் போட்டது. லைப்சிக் லூத்தரன்கள் மட்டும் சேரவில்லை. சாதியை விட்டுவிட்டேன் என்று ஒருவன் வாயால் சொன்னால் போதாது, பறையர் சமைத்த சோற்றைச் சாப்பிட்டுக் காட்ட வேண்டும் என்பதே அதன் கறார். 'அன்பின் விருந்து' என்று பேர். நம்மில் பலர் இதைப் படித்ததும் துள்ளிக் குதிப்போம். நானும் குதித்தேன். எம்.ஏ. படிக்கும்போது வேதநாயக சாஸ்திரியாரின் பெத்லகேம் குறவஞ்சியைப் பாடமாகப் படித்தவள் நான். அதே சாஸ்திரியார் 1820-களில் தஞ்சாவூரில் மிஷனரிகளின் சாதி எதிர்ப்பை எதிர்த்து எழுதினார் என்பதை எங்கள் பேராசிரியர்கள் சொன்னதில்லை. அதனால் பறையர் சோற்றைத் தின்னச் சொன்ன பாதிரிகள் எனக்கு ரொம்ப நாள் வீரர்களாகவே தெரிந்தார்கள்.

இப்போது வேறு மாதிரி தோன்றுகிறது. அந்த விருந்தில் சமைத்தவரை நினைத்துப் பாருங்கள். அவர் பேர் என்ன? அவர் என்ன சமைத்தார்? பந்தியில் உட்கார்ந்த பிள்ளைமார்களும் முதலியார்களும் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒவ்வொரு கவளமாக விழுங்கும்போது அவர் எங்கே நின்றார்? அவர்களுக்குச் சோறு போட அவருக்கு ஆசை இருந்ததா என்று யாராவது கேட்டார்களா? பரிசோதனை பந்தியில் இருந்தவனுக்கு. சமைத்தவர் வெறும் பரிசோதனைக் கருவி. அவருடைய சோறு ஒரு மருந்து, கசப்பு மருந்து. சாப்பிட்டுவிட்டு எழுந்து போனவன் மறுநாள் அவர் வீட்டுத் திண்ணைக்கு வந்தானா என்பதைத் தீர்மானம் கேட்கவில்லை. விருந்து என்றால் அழைக்கிறவர் ஒருவர் இருக்க வேண்டும். இங்கே அழைத்தவர் பாதிரி, உலை வைத்தவர் நாம்.

இராஜநாயக்கனையும் இங்கே நினைக்க வேண்டும். தஞ்சாவூர்ப் படையில் சிப்பாயாக இருந்த பறையர். சீகன்பால்கு 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்து, மணலில் எழுதிப் படிக்கிற பிள்ளைகளோடு உட்கார்ந்து தமிழ் கற்று மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு இவர் கைக்குக் கிடைத்தது. படித்து, 1728-ல் லூத்தரன் சபைக்கு வந்து, நாற்பது வருஷத்துக்கும் மேல் உபதேசியாராக உழைத்தார். 1733-ல் முதல் தமிழ்க் குருவாக அபிஷேகம் பெற்றவர் கடலூரைச் சேர்ந்த ஆரோன், வெள்ளாளர். அடுத்த குருவைத் தேர்ந்தபோது இராஜநாயக்கன் பேர் வந்தது. ஆனால் 1741-ல் அபிஷேகம் கிடைத்தது தியோகு என்பவருக்கு. பறையர் கையால் கொடுக்கும் திருவிருந்தை மற்றவர் வாங்க மாட்டார்கள் என்பதே காரணம். அந்த மிஷனரிகள் அவரை நேசித்தார்கள், அவர் வேலையைப் புகழ்ந்து எழுதினார்கள். நேசம் ரொட்டித் தட்டு வரைக்கும் போய் அங்கே நின்றுவிட்டது.

'எழுதினார்கள்' என்றேன். விமர்சகராக நாம் நிற்க வேண்டிய இடம் அது. தரங்கம்பாடிக் கடிதங்கள் 1710-லிருந்து ஜெர்மனியில் ஹாலே நகரத்தில் அச்சாகின. படிக்கிறவர்கள் காணிக்கை கொடுக்கும் புண்ணியவான்கள். எதைப் போடுவது, எதை விடுவது என்பதை அங்கே இருந்த பிராங்கே தீர்மானித்தார். தென்னிந்திய தெய்வங்களைப் பற்றிச் சீகன்பால்கு 1713-ல் எழுதிய புத்தகம் 1867 வரை அச்சேறவில்லை. சொன்னவர் ஒருவர், கேட்டு எழுதினவர் ஒருவர், வெட்டி ஒட்டினவர் இன்னொருவர், பணம் கொடுக்கிறவர் எங்கோ. இந்த நால்வருக்கு நடுவில் 'நண்பன்' என்பவன் ஒரு பாத்திரம் ஆகிவிடுகிறான். இன்றைய ஜெபக் கடிதத்திலும் இதே கட்டமைப்புதான். காலையில் பக்கத்து வீட்டில் குடித்த டீ, சாயங்காலம் அறிக்கையில் ஒரு வரி. அந்தப் பக்கத்து வீட்டுக்காரிக்கு அது தெரியுமா? தெரிந்தால் டீ போடுவாளா?

இதற்கு எதிர்ப்பக்கம் இருந்து வந்த எழுத்து என்றால் 1992-ல் வந்த பாமாவின் 'கருக்கு'. கன்னியாஸ்திரி மடத்துக்குள் போய், உள்ளே இருந்து பார்த்துவிட்டு, வெளியே வந்து எழுதியது. ஏழைகளுக்காக என்று வந்தவர்கள் ஏழைகளோடு பழகாமலேயே எப்படி வாழ முடிகிறது என்பதை அதில் படிக்கலாம். ஹாலே அறிக்கையில் எழுதப்பட்டவளின் பேத்தி, தானே பேனாவை எடுத்து எழுதினால் எப்படி இருக்கும் என்பதாகத்தான் எனக்கு அந்தப் புத்தகம் படுகிறது. பாமாவைத் தன்வரலாறு என்று மட்டும் வகைப்படுத்துகிறவர்கள், அது மிஷனரி இலக்கியத்துக்கு எழுதப்பட்ட பதில் என்பதையும் பார்க்க வேண்டும்.

எங்க ஆயாவின் கதை ஒன்று இருக்கிறது. ஆயா சிறுவயசில் தென்னார்க்காட்டில் ஒரு மிஷன் பங்களாவில் எடுபிடி வேலை செய்தது. பால்பவுடர், பழைய கவுன், குழந்தை ஏசு படம் என்று தொரசானி நிறையக் கொடுத்திருக்கிறார். அதையெல்லாம் ஆயா சொல்லிச் சிரித்ததில்லை. சொல்லிச் சிரித்தது வேறு. ஒருநாள் சமையல்காரர் வரவில்லை. தொரசானி நேராக எங்கள் தெருவுக்கே நடந்து வந்து, ஆயா வீட்டு வாசலில் நின்று, தட்டுத்தடுமாறித் தமிழில் முறம் கேட்டாராம். ஆயா கொடுத்தது. புடைக்கத் தெரியாமல் பாதி அரிசியை மண்ணில் கொட்டினாராம். ஆயாதான் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தது. "எங்கிட்ட கடன் வாங்குனாடி தொரசானி. இன்னிக்கி வரைக்கும் முறத்த திருப்பித் தரல." எண்பது வயசிலும் இதைச் சொல்லும்போது ஆயாவுக்கு முகம் மலரும். கொடுத்த எதுவும் நினைவில் நிற்கவில்லை. வாங்கியதுதான் நின்றது.

ஆனால் அதே தொரசானி ஞாயிற்றுக்கிழமை கோயிலில், ஊர்க்காரர்கள் முதலில் திருவிருந்து வாங்கிக்கொண்டு போன பிறகு சேரி ஜனம் எழுந்து போவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒருவார்த்தை சொன்னதில்லை. "அது அவங்களுக்குச் சங்கடம் இல்ல" என்று ஆயா அதற்கும் ஒரு சமாதானம் சொல்லும். நண்பர்களுக்காகச் சமாதானம் சொல்லிச் சொல்லியே நம்ம ஜனத்துக்குப் பழகிவிட்டது.

நெய்வேலி அந்நியர்களைப் பார்த்த ஊர். அனல்மின் நிலையம் சோவியத் உதவியோடு கட்டப்பட்டது. 1962-ல் முதல் அலகு ஓடத் தொடங்கியது. தாத்தா அப்போது மண் சுமந்தவர். ஒரு ரஷ்யாக்காரர் வேகாத வெயிலில் தாத்தா உட்கார்ந்த மண்மேட்டிலேயே வந்து உட்கார்ந்து பீடி கேட்டு வாங்கிக் குடித்தாராம். ஒருத்தர் பாஷை ஒருத்தருக்குத் தெரியாது. அந்த ரஷ்யாக்காரருக்குத் தாத்தாவின் ஆத்துமா வேண்டியதில்லை, பீடிதான் வேண்டியிருந்தது. நோக்கம் வைத்துக்கொண்டு ஒருவனோடு பழகுவது நட்பா என்று தோழர்கள் சிலர் கேட்கிறார்கள். நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். கட்சிக்காரர்களாகிய நாமும் நோக்கத்தோடுதான் சேரிக்குப் போகிறோம். கேள்வி நோக்கம் இருக்கிறதா என்பதல்ல. வேண்டாம் என்று சொல்லிவிட்ட பிறகும் அவன் உன் வீட்டுக்கு வரலாமா, நீ அவன் வீட்டுக்குப் போவாயா என்பதுதான்.

அந்தக் கூட்டம் முடிந்த மறுவாரம், மிஷனரித் தம்பதிகளை ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டேன். மாட்டுக்கறி என்பதையும் முன்னாலேயே சொல்லிவிட்டேன். ஐயாவுக்கு அன்றைக்கு வேறொரு கூட்டம் இருந்ததாம். அந்த அம்மா மட்டும் ஆட்டோவில் வந்தார். காலனி முனையில் இறங்கி விசாரித்துக்கொண்டே நடந்து வந்தார். தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார், இன்னொரு கரண்டி கேட்டு வாங்கினார். அங்கே ஆப்பிரிக்காவில் முதல் வருஷம் முழுக்கத் தனக்குத் தண்ணி எடுத்துக் கொடுத்த பெண்ணின் பேரைச் சொன்னார். அவள் பேரைக் கூட்டத்தில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

கை கழுவிவிட்டு வந்து அம்மாவிடம், "அம்மா, இதை நான் கடிதத்துல எழுத மாட்டேன்" என்றார். மரியாதைக்காகச் சொன்னாரா, சபையாருக்குப் பயந்து சொன்னாரா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

அம்மா தட்டுகளை எடுத்துக்கொண்டே, "ஏம்மா, எழுதேன். என்னா இப்ப? கொழம்புல உப்பு கம்மின்னு சேத்து எழுது" என்றது.